மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் சிவப்பு

சேரப்பணஞ்சேரி,
செவ்வாய்க்கிழமை மாலை.

மரியாதைக்குரிய மாமா வனமாமலை அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் தளவாய் முதலில் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு, பிறகு உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் முத்துச்செல்வியும் தங்கள் பேத்தி கோமதியும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். அங்கே நாங்குநேரியில் தாங்களும் அத்தையும், ஆபரேஷன் முடிந்த தங்கள் வலது கண்ணும் சுகமாக இருக்க வல்லக்கோட்டை முருகனை வேண்டிக்கொள்கிறேன். சுகம் விசாரிக்கும் பகுதி இத்துடன் முடிந்தது. இனிமேல் எழுதப்போவதைத் தாங்கள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கக்கூடும். போனில் சொல்லலாம்தான். ஆனால் சென்ற முறை நான் போனில் ‘எனக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட்’ என்று சொன்னது தங்கள் காதில் ‘நைட் ஷர்ட்’ என்று விழுந்து, கொரியரில் இரண்டு சட்டை வந்து சேர்ந்தது. அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், அளவு சரியாக இருக்கிறது, அதற்கு நன்றி. ஆனால் இப்போது சொல்ல வேண்டிய சங்கதியில் ‘வீடு காலி’ என்று ஓர் இடம் வருகிறது. அது தங்கள் காதில் ‘வீடு ஜாலி’ என்று விழுந்தால் விபரீதமாகிவிடும். ஆகையால் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். மாமா, கண் நன்றாகத் தெரிந்தால் வல்லக்கோட்டைக்கு வந்து மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டு, அத்தையையும் சித்தப்பா வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு அடுத்த மாதம் வேனில் வருகிறோம், உங்கள் வீட்டில்தான் தங்குகிறோம் என்றீர்களே, தயவுசெய்து வரவேண்டாம். வீட்டுக்காரர் எங்களைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். காரணத்தைக் கேட்டால் தாங்களே நம்பமாட்டீர்கள். எந்த நிறத்தோடு எந்த நிறம் சேர்ந்தால் எந்த நிறம் வரும் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

எல்லாம் கோமதியின் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தது. ஒன்றாம் வகுப்புதான் படிக்கிறாள். அவளுடைய டீச்சர் டைரியில் ‘குழந்தைக்குப் பிரைமரி கலர், செகண்டரி கலர் தெரியவில்லை, வீட்டில் சொல்லிக்கொடுக்கவும்’ என்று எழுதி அனுப்பிவிட்டார். படித்ததும் எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நான் பார்க்கும் வேலை என்ன? பெயிண்ட் ஷாப். (பெயிண்ட் ஷாப் என்றால் கார் கம்பெனிக்குள்ளேயே வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் இடம் என்று கல்யாணத்தன்றே தங்களிடம் சொன்னேன். தாங்கள் மருமகன் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டதால், இன்றைக்கும் தெருவில் யார் வீடு கட்டினாலும் எனக்குப் போன் வருகிறது.) வரிசையாக எரிகிற டியூப் லைட்டுகளுக்கு நடுவில் நின்று, கதவின் வெள்ளையும் பானெட்டின் வெள்ளையும் ஒரே வெள்ளைதானா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. மற்றவன் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் தளவாய் கண்ணுக்குத் தெரியும் என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவன் பெற்ற பிள்ளைக்கு நிறம் தெரியவில்லை என்று எழுதினால் எப்படி இருக்கும்? முத்துச்செல்வி, “விடுங்க, சின்னப் பிள்ளதான, தன்னால தெரிஞ்சுக்கிடுவா” என்றாள். “தன்னால ஒண்ணும் தெரியாது, சொல்லிக் குடுத்தாத்தான் தெரியும்” என்றேன் நான். அதைச் சற்று மெதுவாகச் சொல்லியிருக்கலாம். வரிசை வீடுகளில் சுவர் மெல்லியது. வீட்டுக்காரருக்குக் கேட்டுவிட்டது.

வீட்டுக்காரர் பாண்டுரங்கன் அண்ணனைத் தாங்கள் போன முறை வந்தபோது பார்த்திருக்கிறீர்கள், வழுக்கைத் தலை, தங்களோடு உட்கார்ந்து நெல்லைப் பற்றிப் பேசினாரே, அவர்தான். தலைமுறை தலைமுறையாக இந்த ஊர் விவசாயி. நிலத்தில் பாதி கம்பெனிகளுக்குப் போய்விட, மீதியில் வரிசையாக வீடு கட்டி எங்களைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அவர் வாசலில் வந்து நின்று, “இன்னாபா தளவாய், டிராயிங் கிளாஸ் எடுக்கப்போறியாமே. நம்ம லோகேஷையும் சேத்துக்கோ. ஞாயித்துக்கிழம ஆச்சின்னா அவன வூட்ல வச்சிக்கினு சமாளிக்க முடில” என்றார். லோகேஷ் அவருடைய கடைக்குட்டி, மூன்றாம் வகுப்பு. லோகேஷ் வருகிறான் என்றதும் வரிசை வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். சனிக்கிழமை வரை தகப்பனாக இருந்த நான் ஞாயிற்றுக்கிழமை வாத்தியாராகிவிட்டேன்.

முதல் பாடத்துக்குச் சாமான் வாங்க முத்துச்செல்வியைக் கடைக்கு அனுப்பினேன். “சிவப்பு, மஞ்சள், நீலம், மூணு கலர் வாங்கிட்டு வா. வேற எதுவும் வேண்டாம், மிச்சத்தை நான் கலந்துக்கிடுதேன்” என்றேன். அவள் தாங்கள் வளர்த்த பிள்ளை அல்லவா. நம் ஊரில் கலர் என்றால் என்ன என்பது தங்களுக்குத் தெரியும். அவள் பையில் மூன்று பாட்டில்களோடு வந்து நின்றாள். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், மூன்றாவது தண்ணீர் மாதிரி இருந்தது. “இது என்ன?” என்றேன். “நீலத்துல கலர் வரலியாம். பன்னீர் சோடா குடுத்தாவ. பிள்ளைகளுக்கு அதான் பிடிக்கும்னாவ” என்றாள். பிள்ளைகளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தை அவர்கள் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் நானே போய் போஸ்டர் கலர் வாங்கிவந்தேன். கலந்து காட்டுவதற்குக் குழிக் குழியாக இருக்கும் தட்டு வேண்டுமே என்று பார்த்தேன். கல்யாணத்துக்குத் தாங்கள் சீராகக் கொடுத்த இட்லிப் பாத்திரத்தின் தட்டு அதற்கென்றே செய்தது போல இருந்தது. (கழுவிவிட்டேன் மாமா. மறுநாள் காலை ஓர் இட்லி மட்டும் இளம்பச்சையாக வந்தது. அதை நானே சாப்பிட்டுவிட்டேன்.) மஞ்சளில் நீலத்தை விட்டுப் பிரஷ்ஷால் சுற்றினேன், பச்சை வந்தது. மஞ்சளில் சிவப்பை விட்டேன், ஆரஞ்சு வந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். கம்பெனியில் ஓராயிரம் வண்டி பார்த்தும் கிடைக்காத மரியாதை அந்த இட்லித் தட்டில் கிடைத்தது. அந்தத் தெம்பில், “இப்போ சிவப்பையும் நீலத்தையும் சேர்த்தா அழகான கத்தரிப்பூக் கலர் வரும் பாருங்க” என்று சொல்லிக் கலக்கினேன். கலக்கக் கலக்க அது கருத்துக்கொண்டே போயிற்று. லோகேஷ் குனிந்து பார்த்து, “இன்னா அங்கிள், சாணி கலருதான் வந்துகீது” என்றான். மலிவான சிவப்பில் மஞ்சள் ஒளிந்திருக்கும், அதனால் வந்த வினை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் விளக்கி முடிப்பதற்குள், எந்த மூன்று நிறத்தையும் ஒன்றாகப் போட்டால் சாணி வரும் என்று அவர்களாகவே கண்டுபிடித்து, அன்று மாலை வரை சாணியே தயாரித்தார்கள்.

மூன்றாவது வாரம் சூடான நிறம், குளிர்ச்சியான நிறம் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் நெருப்பைப் போல, பார்த்தாலே சூடு. நீலமும் பச்சையும் குளிர்ச்சி, பார்த்தாலே ஜில்லென்று இருக்கும் என்றேன். புத்தகத்தில் இருப்பதைத்தான் சொன்னேன். அன்று மத்தியானம் கரண்ட் போய்விட்டது. பாண்டுரங்கன் அண்ணன் வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார். லோகேஷ் பாசமுள்ள பையன். அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்து, நீலப் போஸ்டர் கலரைத் தண்ணீரில் கரைத்து, அவர் தலை முழுவதும் ஓர் இடம் விடாமல் பூசிவிட்டான். அவர் எழுந்து, முகத்தைக் கூடக் கழுவாமல் நேராக டீக்கடைக்குப் போனார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் தன்னைப் பார்த்துப் புன்னகை செய்வதைப் பார்த்து, ஊரில் தனக்கு இருக்கும் மரியாதையை நினைத்து, அவரும் எல்லோரையும் பார்த்துப் புன்னகை செய்தார். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பும்போது ஒரு பைக்கின் கண்ணாடியில் தன்னைப் பார்த்திருக்கிறார்.

நேராக என்னிடம் வந்தார். “இன்னாபா, என் மண்ட உனுக்கு இன்னா சிலேட்டா?” என்றார்.

“அண்ணே, நான் ஒண்ணும் பண்ணலண்ணே, லோகேஷ்தான்...” என்றேன்.

“கை அவன்து. மூள உன்து.”

லோகேஷ் நடுவில் வந்து, “அங்கிள்தான் சொன்னாரு நைனா, நீலம் அடிச்சா ஜில்லுனு இருக்கும்னு. உனுக்கு ஜில்லுனு இல்ல?” என்று கேட்டான். அவர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நியாயமான மனிதர். “ஜில்லுனுதான் இருந்துச்சி. அதுக்குன்னு?” என்றார். அதோடு அந்த விஷயம் முடிந்தது. ஆனால் போகும்போது, “இதான் லாஸ்ட்டு, பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன் மாமா. கோமதிதான் விடவில்லை. அவள் நிறத்தில் அப்படி ஊறிப்போயிருந்தாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் கம்பெனிப் பெண்களின் யூனிபார்மைக் காட்டி, “இந்த ஊதாவுல எவ்ளோ வெள்ள போட்டிருப்பாங்கப்பா?” என்று கேட்பாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆகவே அடுத்த வாரம் முக்கியமான பாடத்தை எடுத்தேன். “சிவப்பு, மஞ்சள், நீலம், இந்த மூணும் ராஜாக்கள். இந்த மூணுலேருந்து மத்த எல்லா நிறமும் வரும். ஆனா வேற எதைக் கலந்தாலும் இந்த மூணுல ஒண்ணைக்கூட உண்டாக்க முடியாது” என்றேன். கோமதி கையைத் தூக்கினாள். “முடியும்ப்பா. மஞ்சளையும் வெள்ளையையும் கலந்தா சிவப்பு வரும்” என்றாள். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். மஞ்சளில் வெள்ளை சேர்ந்தால் வெளிர் மஞ்சள்தான் வரும் என்று நான் சொன்னேன். “இல்ல, அமலா அக்கா ஸ்கூட்டி வாங்குனப்ப அம்மா கலந்தாங்க, நான் பாத்தேன்” என்றாள். அமலா என்பது பாண்டுரங்கன் அண்ணனின் பெண், பக்கத்துக் கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறது. அது புது ஸ்கூட்டர் வாங்கி வந்தபோது வீட்டுக்கார அம்மா சுந்தராம்பாள் ஆரத்தி கரைக்கச் சொல்ல, முத்துச்செல்வி மஞ்சள் தூளில் சுண்ணாம்பைப் போட்டுக் கரைத்திருக்கிறாள். மஞ்சள் மஞ்சள், சுண்ணாம்பு வெள்ளை. வந்தது செக்கச்செவேல் என்று சிவப்பு. நான் பிறந்ததிலிருந்து ஆரத்தியைப் பார்க்கிறேன், கல்யாணத்தன்று தங்கள் வாசலிலேயே எனக்குச் சுற்றிக் கொட்டினீர்கள், ஒரு நாள்கூட எனக்கு இது தோன்றவில்லை.

“அடுத்த வாரம் சொல்லுதேன்” என்று பாடத்தை முடித்தேன். கம்பெனிக்குப் போய் லேபில் இருக்கும் இன்ஜினியரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “அது பெயிண்ட் கலக்குறது இல்லீங்க, கெமிஸ்ட்ரி. சுண்ணாம்பு பட்டா மஞ்சளோட குணமே மாறிடும். சோப்பு பட்டாலும் மாறும்” என்றார். நான் வந்து பிள்ளைகளிடம், “அது கெமிஸ்ட்ரி” என்றேன். “கெமிஸ்ட்ரின்னா?” என்றார்கள். “பெரிய கிளாஸ் போனா தெரியும்” என்றேன். லோகேஷ் மற்றவர்களைப் பார்த்து, “தெர்லன்னா எல்லாரும் அப்டிதான் சொல்வாங்க” என்றான். அந்த நிமிஷத்தில் என் வாத்தியார் உத்தியோகம் போயிற்று. அவர்கள் இனிமேல் தாங்களே சோதனை செய்து பார்ப்பது என்று முடிவு பண்ணிவிட்டார்கள். எனக்கு அது தெரியாது.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்று அமலாவைப் பெண் பார்க்க வாலாஜாபாத்திலிருந்து வருவதாக இருந்தது. மாப்பிள்ளை பெயர் திருமலை, நல்ல கம்பெனியில் வேலை, அம்மா சரோஜா அம்மாள், தாய்மாமன் ஒருவர். இதற்கு முன்னால் வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போனதால் இதை எப்படியும் முடித்துவிட வேண்டும் என்று பாண்டுரங்கன் அண்ணன் தவித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு முன்பக்கம் புதுப் பெயிண்ட் அடித்தார். நீளமான காம்பவுண்டுச் சுவருக்கு மட்டும், “இதுக்கெல்லாம் பெயிண்டு எதுக்குபா” என்று சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை அடித்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஈரம் முழுதாகக் காயவில்லை. எனக்கு அன்று பார்த்து ஓடி வந்துவிட்டது, அதாவது ஓவர் டைம். சுந்தராம்பாள் அம்மாவும் முத்துச்செல்வியும் உள்ளே கேசரியும் பஜ்ஜியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களுக்கு எல்லா கம்பெனி வாசலும் ஒரே மாதிரி தெரிந்து வழி தவறிப்போனதால், பாண்டுரங்கன் அண்ணன் அவர்களைக் கூட்டிவர ஒரகடம் கூட்ரோட்டுக்குப் போய்விட்டார். வாசலில் பிள்ளைகள் மட்டும். எதிரே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புச் சுவர்.

கோமதி முத்துச்செல்வியின் மஞ்சள் தூள் டப்பாவைக் கொண்டுவந்தாள். லோகேஷ் வாளியில் தண்ணீர் பிடித்தான். முதலில் ஒரே ஒரு விரலைத்தான் நனைத்து வைத்துப் பார்த்தார்களாம். மஞ்சள் விரல் வைத்த இடம் சிவப்பாக மாறியது. பிறகு ஒரு கையை வைத்தார்கள். சிவப்புக் கை வந்தது. அப்புறம் எல்லோருமே இரண்டு இரண்டு கையாக வைத்தார்கள். கை எட்டாத இடத்துக்குச் சொம்பில் மொண்டு வீசினார்கள். எனக்கே இதை எழுதும்போது, அவர்களுக்கு எவ்வளவு ஆச்சரியமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் காரில் வந்து இறங்கியவர்கள் பார்த்தது, கேட்டிலிருந்து கடைசி வரை ரத்தக் கைகள் பதிந்து வழியும் ஒரு சுவரையும், அதன் முன்னால் கையெல்லாம் சிவந்து நிற்கும் ஒரு கூட்டம் பிள்ளைகளையும்தான்.

கம்பெனி பஸ் என்னை இறக்கிவிட்டதும் அதே நேரம்தான். யூனிபார்மோடு, டிபன் பாக்ஸோடு, நானும் வந்து நின்றேன்.

தாய்மாமன் காரின் கதவைப் பிடித்துக்கொண்டே, “இன்னாங்க இது, ரத்தம் மாரி கீது?” என்றார்.

கோமதி முன்னால் வந்து, மிகவும் மரியாதையாக, “ரத்தம் இல்ல தாத்தா. மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தா சிவப்பு. எங்க அப்பா முடியாதுன்னாங்க. நாங்க பண்ணிட்டோம்” என்றாள்.

“பண்ணிக் காட்டவா?” என்று லோகேஷ் கேட்டான். யாரும் பதில் சொல்வதற்குள் சொம்பிலிருந்த மிச்சத்தைச் சுவரில் வீசினான். சுவருக்கும் சொம்புக்கும் நடுவில் தாய்மாமன் நின்றுகொண்டிருந்தார். மாமா, அது புது வெள்ளை வேட்டி, முழங்காலிலிருந்து கரை வரை மஞ்சள். கோமதி கூர்ந்து பார்த்து, “வெள்ளதான? இது ஏன் செவக்கல?” என்றாள்.

அப்போது சத்தம் கேட்டு சுந்தராம்பாள் அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தார். கையில் துணி சோப்பு. “ஐயோ, ஒண்ணும் ஆவாதுங்க, ரெண்டு நிமிஷத்துல போயிடும், காட்டுங்க” என்று குனிந்து, கறையில் சோப்பைப் போட்டுத் தேய்த்தார். இன்ஜினியர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. “அம்மா, சோப்பு வேண்டாம்” என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தேய்த்த இடமெல்லாம், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சிவந்துகொண்டே போனது. தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு. சுந்தராம்பாள் அம்மா சோப்பைக் கீழே போட்டுவிட்டார். தாய்மாமன் தன் காலை, அது வேறு யாருடைய காலோ என்பது போலப் பார்த்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். உள்ளே ஜன்னலுக்குப் பின்னால், பட்டுச் சேலையில் அலங்காரமாக நின்றுகொண்டிருந்த அமலா, அடக்க முடியாமல் சிரித்துவிட்டது. ஒரு சிரிப்பு வந்தால் நிற்காத ஜாதி அந்தப் பெண். அது சிரித்தது தெருவரைக்கும் கேட்டது.

“யார் இதெல்லாம் சொல்லிக் குடுக்கறது?” என்று சரோஜா அம்மாள் கேட்டார். பாண்டுரங்கன் அண்ணன் கையை நீட்டி என்னைக் காட்டினார். நான் டிபன் பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு, “அது கெமிஸ்ட்ரிங்க” என்றேன். வேறு என்ன சொல்வது? அவர்கள் பேருக்கு உள்ளே போய் உட்கார்ந்து, பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு, “போய் லெட்டர்... இல்ல, போன் பண்றோம்” என்று கிளம்பிவிட்டார்கள். கார் மறையும்வரை அண்ணன் கும்பிட்ட கையோடு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, சத்தம் போடாமல், “தளவாய், வர்ற மாசம் வூட்ட காலி பண்ணிடு” என்றார். சத்தம் போட்டிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் சத்தம் போடாததால் டிபன் பாக்ஸோடு வீட்டுக்குள் போய்விட்டேன்.

நேற்றும் இன்றும் வேறு வீடு தேடி அலைந்தேன். பேச்சுலருக்கு ரூம் தருகிறார்கள், குடும்பத்துக்கு வீடு கிடைப்பது கஷ்டம். வல்லக்கோட்டை ரோட்டில் ஒரு வீட்டுக்காரர் எல்லாம் பேசி முடித்துவிட்டு, சாவியை எடுக்கும்போது, “ஆமா, பாண்டுரங்கன் செவுத்த செவப்பாக்குன கலர் வாத்தியாரு நீதான?” என்றார். சாவி உள்ளே போய்விட்டது. முத்துச்செல்வியும் சுந்தராம்பாள் அம்மாவும் அக்கா தங்கச்சி மாதிரி இருந்தார்கள், இப்போது மோட்டார் பைப்படியில் எதிரெதிரே குடம் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசுவதில்லை. இரண்டு பேரும் வீட்டுக்குள் போய் அழுகிறார்கள், மெல்லிய சுவர் என்பதால் இரண்டு அழுகையும் எனக்குக் கேட்கிறது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை மாமா. கோமதி பிரஷ்ஷைத் தொடவில்லை. நேற்று பள்ளிக்கூடத்தில் பூ வரையச் சொன்னார்களாம். பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறாள், நிறமே போடவில்லை. ஏன் என்று கேட்டேன். “என்னாலதான அமலா அக்காவுக்குக் கல்யாணம் நடக்காம போச்சு?” என்றாள். இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அவளுக்குத் தன்னால் எதுவும் தெரியாது என்று நான் நினைத்தது எவ்வளவு தப்பு என்று அப்போது தோன்றியது.

ஆகையால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். போஸ்டர் கலர், பிரஷ் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டாயிற்று. இனி கம்பெனிக்கு வெளியே எந்த நிறத்தைப் பற்றியும் நான் வாய் திறக்கமாட்டேன். தாங்களும் வேனுக்குச் சொல்ல வேண்டாம். மொட்டையை இந்த வருஷம் திருச்செந்தூரிலேயே போட்டுக்கொள்ளலாம், அங்கேயும் அதே முருகன்தான், கோபித்துக்கொள்ளமாட்டார். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். முத்துச்செல்வி அழுவதைச் சொல்ல வேண்டாம். தங்கள் கண்ணில் சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள்ளவும். தாங்கள் நூறு வயது நல்ல பார்வையோடு இருந்து, எங்களையும் அவ்வப்போது ஆசீர்வதிக்கும்படி கேட்டுக்கொள்ளும்,

தங்கள் அன்பு மருமகன்,
தளவாய்.

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதில் ‘வரவேண்டாம்’ என்று இருக்கும் இடத்தையெல்லாம் ‘வரவும்’ என்று படித்துக்கொள்ளவும். மறுபடி எழுத நேரமில்லை, ஷிப்ட் பஸ் வந்துவிடும். கவரை ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கையை எடுத்துக்கொண்டிருக்கும்போது பாண்டுரங்கன் அண்ணன் கதவைத் தட்டினார். சாவியைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் உள்ளே வந்து, உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்து, “அந்தப் பையன் போன் பண்ணாம்பா” என்றார். மாப்பிள்ளை திருமலைதான் பேசியிருக்கிறான். இதுவரை பார்த்த இடத்திலெல்லாம் பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு சிலை மாதிரி நின்றார்களாம். இந்த வீட்டில்தான் ஒரு பெண் வயிறு குலுங்கச் சிரித்ததாம், அதைப் பார்த்து அவனுக்கும் சிரிப்பு வந்து, காரில் போகும்போது அவன் அம்மாவுக்கும் வந்து, ஊர் போய்ச் சேரும்வரை மூன்று பேரும் சிரித்துக்கொண்டே போனார்களாம். அமலாவிடம் கேட்டதற்கு, சரி என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்ததாம். “மாமன் மட்டும் ஒரு வேட்டி வாங்கித் தரணும்னாரு. வாங்கிக் குடுத்துடலாம்” என்றார் அண்ணன். பிறகு என் தோளில் கையை வைத்து, “நீ எங்கியும் போவாத. உங்க மாமனாரு வரட்டும், மாடி ரூம்ல தங்கட்டும், நிச்சயத்துக்கும் இருந்துட்டுப் போவட்டும்” என்றார். முத்துச்செல்வி அப்போதே சுந்தராம்பாள் அம்மாவிடம் ஓடிவிட்டாள். கோமதியும் பரணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், மூட்டையை இறக்க வேண்டும்.

கிளம்பும்போது அண்ணன் வாசற்படியில் நின்று, கடுமையாக ஒரு நிபந்தனை போட்டார். “கிளாஸ் எடு, வேணாங்கல. ஆனா நிச்சயம் முடியற வரிக்கும் கருப்பு, வெள்ள, இது ரெண்டு மட்டும் சொல்லிக் குடு. வேற எந்தக் கலரும் என் வூட்டாண்ட வரக்கூடாது” என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். லோகேஷ் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான், இப்போது ஆளைக் காணோம். அண்ணன் வீட்டுக்குள்ளிருந்து, அமலாவின் கண்மை டப்பாவை யார் எடுத்தது என்று சத்தம் கேட்கிறது. மீதியை நேரில் சொல்கிறேன்.